மாமா ஏற்றி வைத்த ஓர் அங்குலம்

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த மழைக்காலத்தில் நான் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டேன். மற்ற வீடுகளில் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

காரணம் கால்பந்து. திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடங்களில் சிறு பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கோப்பை இருந்தது. பாதிப் பேர் வீட்டில் பிறந்த தேதியை எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. நாலு அடி பத்து அங்குலத்தைத் தாண்டியவன் பெரியவன். இரண்டு மரக்கால்களை நட்டு, மேலே ஒரு குறுக்குக்கட்டையைப் பூட்டியிருப்பார்கள். அதன் அடியில் தலை இடிக்காமல் நடந்து போகிறவன் ஆடலாம். இடித்தவன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா போனக்காட்டுத் தோட்டத்தில் தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சர். அந்த மலையில் எனக்குப் படிப்பு வராது என்று, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மாமா வீட்டில் என்னை விட்டிருந்தார். மாமாவுக்கும் தச்சு வேலைதான். ஊருக்கு அவர் ஆசாரி. வகுப்பில் நான் எத்தனையாவது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை கோல் என்று கேட்காத நாளில்லை. இந்த வருஷம் கோப்பை மருமகன் கையில்தான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கதவு நிலையில் என்னைச் சாய்த்து நிறுத்தி அளந்தார். நாலு அடி பத்தே முக்கால். இன்னொரு தடவை அளந்தார். அதேதான்.

"சோத்தக் கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கலாம்லா?" என்றார் அத்தையிடம்.

"பிள்ளையப் பட்டினி போட்டுக் கட்டையாக்கவா? நல்லாருக்கே புத்தி!"

உயரம் குறைக்கிற வித்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மொட்டை போட்டுக்கொள்வார்கள், அளக்கிற நாள் நெருங்கினால் பிள்ளைகளுக்கு முருகன் பேரில் பக்தி பெருகிவிடும். வேட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நடப்பது இன்னொன்று. நானும் அப்படி முற்றத்தில் நடந்து பார்த்தேன். மாமா முகத்தைச் சுளித்தார்.

"அதெல்லாம் வேண்டாம் மக்கா. நீ நிமிந்தே நட. ஒண்ணும் இடிக்காது."

அந்த வருஷம் மரக்கால்களையும் கட்டையையும் புதிதாகச் செய்கிற வேலை அவரிடம்தான் வந்திருந்தது.

அளக்கிற நாளன்று டிரில் சார் மைதானத்தில் மேசை போட்டு, ரெஜிஸ்டரை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்து நடந்தேன். இடிக்கவில்லை. கடவுள் செயல் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். எனக்குப் பின்னால், எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மீசை அரும்பிய ஒருவன் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு வந்தான். போன வருஷம் தலை இடித்துத் திரும்பிப் போனவன். இந்த முறை நுழைந்து வெளியே வந்ததும் நம்பமுடியாமல் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான்.

"எடே, நீ கீழ்ப்பக்கமாவா வளருற?" என்று யாரோ ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா எனக்காகத் திறந்து வைத்த வழியில் யார் யாரோ நுழைந்துகொண்டிருந்தார்கள்.

நான் இடித்திருந்தால் என் இடத்தில் ஆட வேண்டிய பையன் ஒருவன் இருந்தான். நாலு அடி ஆறுதான் இருப்பான். பனியனைக் கழற்றி மடித்தபடி என்னைப் பார்த்தான்.

"நேத்து எங்க வீட்டு நிலையில மண்டைய இடிச்சுக்கிட்டவன்தானடே நீ?" என்று கேட்டுவிட்டு வேலிப் பக்கம் போனான்.

மாமாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. மேசைக்குப் போனேன்.

"சார், நான் முழங்கால மடக்கி நடந்தேன்."

சார் நாடாவை எடுத்து என்னை அளந்தார். "எடா கள்ளா! நீயே வந்து சொன்னதுனால அடி இல்ல, போ," என்று சொல்லி, என் பெயரை அடித்து எதிரே ஒரு வரி எழுதினார்.

மாமா வேலியோரத்திலிருந்து வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "என்னடே எழுதினாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முழங்காலை மடக்கி ஏமாற்றியதால் நீக்கம்னு."

மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். நேராக மேசைக்கு நடந்தார்.

"சாரே, கட்டை ஒரு அங்குலம் கூடுதலாக்கும்."

சார் போய் அளந்தார். நாலு அடி பதினொன்று. சார் நல்ல மனுஷர். ஒருத்தர் பிழைப்பில் மண் விழ வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். "கைப்பிழையாயிருக்கும் ஆசாரி. பரவாயில்ல, சரியாக்கித் தா," என்றார்.

மாமா தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல சாரே. என் கைக்கு அளவு தப்பாது. தெரிஞ்சேதான் ஏத்தி வச்சேன், இவனுக்காவ. இவன் முழங்கால மடக்கவே இல்ல."

"களவு செஞ்சேன்னுகூடச் சொல்லுவாரு, அளவு தப்பிட்டுன்னு மட்டும் ஆசாரி சொல்லமாட்டாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். மைதானமே சிரித்தது. சார்கூட மீசைக்குள் சிரித்துக்கொண்டே ரெஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே எழுதிய வரியை அடித்தார்.

அத்தனை பேர் பார்க்க மாமா முளையை அடித்து எடுத்து, ஓர் அங்குலம் கீழே புதுத்துளை போட்டுக் கட்டையை இறக்கினார். எல்லோரும் மறுபடி நடந்தார்கள். எங்கள் பக்கம் என்னோடு இரண்டு பேரும், எதிர்ப் பக்கம் மீசைக்காரனோடு மூன்று பேரும் வெளியே வந்தோம். அந்தச் சின்னப் பையன் தொளதொளத்த பனியனோடு வலது ஓரத்தில் ஓடி ஒரு கோல் போட்டான். பொறாமையாகத்தான் இருந்தது, ஆனாலும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த வருஷம் நான் பெரியவர்கள் கோப்பையில் ஆடினேன். கட்டையைச் செய்யச் சொல்லி சார் மாமாவுக்கே ஆள் அனுப்பினார்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது எனக்கு மாமாமேல் கோபம். தொழில் வீறாப்பில் வாயை விட்டு, ஊர் சிரிக்க நின்றுவிட்டாரே.

"கைப்பிழைன்னு ஒத்துக்கிட்டா என்ன மாமா?" என்றேன்.

"அந்த வரிய சார் அடிச்சாரா? நல்லாப் பாத்தியா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே கேட்டார்.

"அடிச்சாச்சு, அடிச்சாச்சு," என்றேன் எரிச்சலாக. எழுத்தே தெரியாத மனுஷருக்கு ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன்.