அப்பா சாடை

அண்ணா, நீ செத்தும் உன் மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை.

நான் மூணாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். ஒரு பக்கம் கைகால் விழுந்து, பேச்சும் போனது. வாதம் என்றார்கள். வருஷா வருஷம் அவருக்குப் படையல் போடுவோம். கருவாட்டுக் குழம்பு, வடை, ஓரத்தில் ஒரு பீடி. கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். கதவைத் திறந்ததும் அந்த இலையில் அம்மா உன்னைத்தான் உட்கார வைப்பாள். உனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் கோணல் சிரிப்பு. நீ சாப்பிட்டால் அவரே சாப்பிட்ட மாதிரி என்பாள். நான் அம்மா சாடை. எனக்கு அடுப்படியில் தட்டு.

ஸ்கூலை விட்டு உன் பின்னாலேயே பீங்கான் கம்பெனிக்கு வந்தேன். நீ பொம்மை அச்சில் மண்பால், பால் மாதிரி கரைத்த களிமண், ஊற்றுவாய். காய்ந்த பொம்மைகளின் பிசிறை நான் ஈரத்துணியால் துடைப்பேன். அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான். நீ வாளியைத் தூக்கி நடந்தால் மேஸ்திரி அப்படியே உன் அப்பன் நடை என்பார். நான் வேறு எங்கோ பார்ப்பேன்.

அன்றைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வாளி உன் கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. சூளைச் சூடு என்று மோர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாய். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்னாடி அப்படிப் பாக்குற? நான் செத்தா எல உனக்குத்தான்."

அடுத்த மாதமே விழுந்தாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உன் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்கு ரத்தம் போகிற குழாய் கொழுப்புப் படிந்து சுருங்கிவிட்டதாம். டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சில குடும்பங்களில் இது ரத்தத்திலேயே வரும், கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நீ திரும்பி வரவில்லை. கருமாதிக்கு வந்த சித்தப்பா, டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தி, என்னையும் ஒருமுறை காட்டிவிடலாம் என்றார். அம்மா கேட்கவில்லை.

"இவளுக்கு எதுக்கு? இவ எங்க வூட்டுச் சாடை. அந்த நோவு அவனுக்கு அவங்கப்பன் மூஞ்சியோட வந்தது."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நோயும் உனக்கு மட்டும்தானா?

கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கழுத்தில் ஜில்லென்று எதையோ தடவி உருட்டிப் பார்த்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். எனக்கும் லேசாகப் படிய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். நான் அம்மா சாடை என்று சொல்லிப் பார்த்தேன்.

"மூஞ்சியப் பாத்து வர்றதில்லம்மா இது," என்றார். இப்போதே காட்ட வந்தது நல்லது, மாத்திரையை விடாமல் போட்டு, வாயைக் கட்டினால் சமாளிக்கலாம் என்றார்.

பயம் பிறகுதான் வந்தது, பஸ்ஸில். முதலில் வந்தது சந்தோஷம். அப்பா எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ரெண்டு இலை. கதவைத் திறந்ததும் அம்மா என் கையைப் பிடித்து அப்பா இலையில் உட்கார வைத்தாள்.

"உக்காரு. நீயும் அவரு புள்ளதான்."

உட்கார்ந்தேன். உடனே குனிந்து வடையையும் கருவாட்டையும் எடுத்துவிட்டாள். எண்ணெய், உப்பு ஆகாதே. வெறும் சோற்றைப் பிசைந்தேன். பக்கத்து இலையில் உன் வடை ஆறிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார யாரும் இல்லை. இந்த இலைக்குத்தான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன். ஒரு வாய் இறங்கவில்லை அண்ணா. நீயே வந்து உட்கார்ந்துகொள்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, என் அண்ணனுக்காக எல்லோரும் ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள்.