எனக்கும் கேக்குது

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டும்போது, ஆளில்லாத பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்கும். அதற்கு டாக்டரிடம் போகலாம் என்றுகூட அப்போது தெரியாது. பக்கத்து வரிசையில் வெட்டும் செல்வியக்காவிடம் ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன்.

“உங்களுக்கும் கேக்குதாக்கா?”

“இல்லடி. கேட்டா சொல்றேன், நீ வெட்டு.”

அவர் சிரிக்கவில்லை. தினமும் கேட்டேன், தினமும் சலிக்காமல் அதையே சொன்னார். மெல்ல மெல்ல அந்தக் குரல்களை விட அவரை நம்பத் தொடங்கினேன். வருடங்கள் போகப் போக அவையும் அடங்கின.

போன மாதம் திடீரென்று மறுபடி என் பெயர். திரும்பாமல் வெட்டினேன்.

“அடியே, எனக்கும் கேக்குது! ஒங்கண்ணன்டி, ரோட்டுல நிக்கிறாரு!”

சொல்லாமல் வந்திருந்தார், புதிதாகப் பிறந்த தன் குழந்தையைக் கையில் ஏந்தியபடி. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

குழந்தையைக் கொஞ்சியபடியே செல்வியக்காவிடம், “எனக்கும் கேக்குதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்கக்கா” என்றேன்.