திங்கட்கிழமை மனு

நாமக்கல்லைச் சேலத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கியபோது சுற்றுவட்டாரமே சந்தோஷப்பட்டது. எங்கள் வீட்டில் மட்டும் வயிற்றெரிச்சல்.

அக்காவை ராசிபுரத்தில் கொடுத்திருந்தோம். சேலம் அம்மாபேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் காரணமில்லாமல் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது அவள் மாமனாருக்குப் பிடிக்காது. "சும்மா என்னத்துக்குப் போவோணும்?" என்பார். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

அவளைக் காப்பாற்றியது ஒரு பட்டாத் தகராறு. மாமனாரின் நிலம் பாதி யார் பெயரிலோ ஏறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான் என்பதால், திங்கட்கிழமை மனு நாளில் சேலம் கலெக்டர் ஆபீசுக்கு அவளைத்தான் அனுப்புவார். மனுவைக் கொடுத்த கையோடு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்திருப்பாள். சாப்பிட்டுவிட்டு, அம்மா பக்கத்தில் படுத்து ஒரு தூக்கம் போட்டு, சாயங்கால பஸ்சில் திரும்புவாள். பட்டா மட்டும் கிடைத்துவிடக் கூடாது என்று அம்மா கோட்டை மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது மாமனாருக்குத் தெரியாது. ஆபீஸ் இருந்த லட்சணத்தில் அம்மனுக்கு அதிக வேலையும் இருக்கவில்லை.

மாவட்டம் பிரிந்ததும் ஃபைல் நாமக்கல்லுக்குப் போனது. அக்காவும் எதிர்த்திசை பஸ்சில் போகவேண்டியதாயிற்று. ஒரு திங்கட்கிழமை, பழக்க தோஷத்தில் சேலம் பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். எங்களில் யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மாமனாரும் நம்பவில்லை போலிருக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து அவரே துணைக்குக் கிளம்பிவிட்டார்.

புது ஆபீசில் என்ன அவசரமோ தெரியவில்லை, பட்டா சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. எதிர்க்கடைப் போனுக்கு அக்கா கூப்பிட்டாள். அம்மா பேச, நான் பக்கத்தில் நின்றேன். நல்லதாகப் போயிற்று என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

"இனி என்ன சொல்லிட்டும்மா நான் வாரது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புது மாவட்டத்தையே பழையபடி ஒட்டவைத்திருப்பேன்.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் இன்றைக்கு அக்கா வைத்ததுதான் சட்டம். கார் இருக்கிறது, நினைத்தால் வரலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறாள், அம்மாவின் திதிக்கு.