வில்மா செய்த முக்கோணம்

வில்மா ஹாக்கிங் கல்யாணமான நாளிலிருந்து கோதுமை லாரி ஓட்டுகிறவள். அவள் ஏற்றிவந்த பாரத்தில் ஒரு படி குறைந்தது என்று கோர்டானப் ஊரில் எவனும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியது எதற்காக? ரயில்வே பப்பில் கிடக்கும் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜைக்காக. நினைத்தாலே வயிறு எரிகிறது.

அந்த மேஜையில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்குப் பந்து அடுக்க வேண்டும். ஜெயித்தவர் அந்த அடுக்கை அடித்துச் சிதறடிப்பார்; பந்துகள் ஒட்டி நின்றால்தான் நன்றாகச் சிதறும். போன வருட இறுதிப் போட்டியில் ஓர் ஆட்டம் தோற்ற வில்மா, பதினைந்து பந்துகளையும் முக்கோணச் சட்டத்துக்குள் தள்ளி, நெவில் ஸ்டாக்குக்கு அடுக்கிக் கொடுத்தாள். நெவில் ஓங்கி அடித்தான். பந்துகள் சிதறாமல் சோம்பிக் கிடந்தன. கடைசியில் கோப்பை வில்மாவுக்குப் போயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நெவில் கோலை வீசிவிட்டுக் கத்தினான்.

"வேணும்னே இடைவெளி விட்டு அடுக்கியிருக்கா! இது ஆட்டமா, பித்தலாட்டமா?"

பப்பின் கடைக்காரன் ரஸ், நெவிலின் மைத்துனன். கிளாஸைத் துடைத்தபடி நின்றானே தவிர வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு வில்மா தோற்றால் வேறு யாராவது ஓடிவந்து அடுக்கினார்கள். "நீ உக்காரு வில்மா, உனக்கெதுக்கு சிரமம்" என்று இளிப்பு வேறு. செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பப்பின் முக்கோணச் சட்டம் பழசு, மூலைகள் ஆடும். இடைவெளிக்கு அதுதான் காரணம் என்று நினைத்தாள். வீட்டுக் கொட்டகையில் தானே ஒன்று செய்ய உட்கார்ந்தாள். தரை போட்டு மிஞ்சிய ஜாரா மரப் பலகை இருந்தது. பெர்த்திலிருந்து அதே அளவில் புதுப் பந்துகள் வரவழைத்தாள். பலகையை இழைத்து, மூலைகளைப் பசை போட்டு இறுக்கி, பந்துகளை உள்ளே வைத்துப் பார்ப்பாள். பந்துக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், அந்தப் பக்கத்தின் உள்புறம் சீட்டுக்கட்டு அட்டையைக் கீற்றாக வெட்டி ஒட்டுவாள். அதிகமாகிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். புருஷன் லெஸ் எட்டிப் பார்த்தான்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெடலையே."

"அப்ப என்னை யாரும் திருடினு சொல்லலை. போய் டீ போடு."

ஒருவழியாகப் பதினைந்தும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. வெள்ளிக்கிழமை சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பப்புக்குப் போனாள். எல்லோரும் பார்க்க, கடையின் பந்துகளை அடுக்கிச் சட்டத்தை எடுத்தாள். நடுவில் இருந்த கறுப்புப் பந்தைச் சுற்றி இடைவெளி பல்லை இளித்தது.

"புதுச் சட்டம் வந்தாலும் பழைய புத்தி போகுமா?" என்றான் நெவில். பப்பே சிரித்தது.

வில்மா வெளியே நடந்தாள். லாரிக்குப் போய்ப் புதுப் பந்துகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். இடைவெளி இல்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடைப் பந்தை வைத்தாள். எல்லாம் இறுகியே நின்றன. கறுப்பை மாற்றியதும் இடைவெளி வந்துவிட்டது. இரண்டு கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடையின் கறுப்பு ஒரு நூல் குள்ளம்.

"ரஸ், இது எப்ப வந்துச்சு?"

ரஸ் தலையைச் சொறிந்தான். "பழைய கறுப்பு காணாமப் போச்சு. வேற செட்டுல ஒண்ணு கெடந்துச்சு, போட்டேன். போன வருஷப் போட்டிக்கு முன்னாடி. ஒரு பந்துதானே வில்மா, விடேன்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னியா?"

"மச்சான் அந்தக் கத்து கத்துறப்ப நான் என்னத்தச் சொல்ல?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கூடம் கோணல்தான், கோணலாக்கியவன் அன்றைக்குக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான். சிரித்தவர்களெல்லாம் திடீரென்று பீர் குடிப்பதில் மும்முரமானார்கள்.

"சரி சரி, இப்பத்தான் தெரிஞ்சிருச்சுல்ல. வா, ஒரு பீர் வாங்கித் தரேன்" என்றான் நெவில். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அந்த வாயில் வரவே இல்லை.

"உன் பீர் யாருக்கு வேணும்? கோலை எடு."

புதுப் பந்துகளில் ஆடினார்கள். வில்மா ஜெயித்தாள். நெவில் கோலைச் சுவரில் சாத்திவிட்டு மெல்ல நழுவப் பார்த்தான். யாரோ வழக்கம்போல அடுக்க எழுந்தார்கள்.

"நீ உக்காரு. தோத்தவன்தான் அடுக்கணும்" என்று வில்மா தன் முக்கோணத்தை நெவில் கையில் கொடுத்தாள்.

அவன் பந்துகளை உள்ளே தள்ளினான். பப் முழுவதும் அவன் கையையே பார்த்தது. சட்டத்தை வெடுக்கென்று எடுத்ததில் முன்பந்து சற்றே நகர்ந்துவிட்டது. வில்மா மேஜை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தாள்.

"இடைவெளி இருக்கே, நெவில்" என்றாள். "வேணும்னே விட்டியா?"