பயணிகள்: இல்லை

பல் டாக்டருக்கு ஆகாயத்தின் மேல் தீராத பித்து. நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை மூன்றாம் கையாக வாங்கி வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாயைக் குனிந்து பார்ப்பவன் ஏழாம் நாளாவது நிமிர்ந்து பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி. ஊருக்கு வெளியே இருந்த சின்ன ஓடுதளத்தில் அவருக்குப் பெயர் 'பல்லு சார்'. இறக்கையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தன் கன்னத்தில் விழுந்ததுபோலத் தடவித் தடவிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர், யானை வாங்கிவிட்டு அங்குசத்தில் கோட்டை விட்டார். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காப்பீட்டு முகவர் அவரிடமே பல் வைத்தியம் செய்துகொள்பவர். பாலிசி புதுப்பிக்கும் நாளும் முகவரின் கடைவாய்ப்பல் வலியும் சேர்ந்து வந்தன. இரண்டையும் ஒரே நாற்காலியில் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். ஊசி தயாராவதற்குள் முகவர் அவசர அவசரமாக விளக்கினார். விமானத்தால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பாலிசி இது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளியே இருப்பவர்களுக்கு மட்டும். மற்றது உள்ளே உட்கார்ந்து வரும் பயணிகளுக்கும் சேர்த்து. அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

"பயணியா? நான் என்ன டிக்கெட் போட்டா ஆள் ஏத்தறேன்?" என்று டாக்டர் சிரித்தார். "நம்ம வீட்டு ஆளுங்கதான் வருவாங்க. பயணி இல்லைன்னு போட்டுடறேன்."

முகவர் கையை ஆட்டி 'ஆ, ஆ' என்றார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, பயணிகள் என்ற கட்டத்தில் முத்து முத்தாக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் முகவர் போன் செய்தபோது டாக்டரின் கை வேறொருவர் வாய்க்குள் இருந்தது. அப்புறம் இருவருமே மறந்துபோனார்கள்.

தங்கையின் கணவர் கணக்கு வாத்தியார். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றவே பயப்படுகிறவர். டாக்டர்தான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேற்றாளா நீங்கள், எத்தனை தடவை வெற்றிலை பாக்கு வைப்பது என்று கேட்டதும் பாவம், மரியாதைக்காக ஒரு நாள் காலை ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது பக்கக்காற்று அடித்தது. ஒரு சக்கரம் முந்தித் தரையில் மோதியது. விமானம் தளத்தை விட்டு விலகி, பக்கத்துப் பண்ணையின் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. டாக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு.

வேறு ஊரில் ஒரு சிறப்பு மையம் இருக்கிறது, மூன்று வாரத்துக்குள் சேர்த்தால் காலில் உணர்வு திரும்ப வாய்ப்புண்டு என்றார்கள். அங்கே ஆகும் செலவு வாத்தியார் குடும்பம் கனவிலும் காணாதது. "நான் எதுக்கும்மா பாலிசி எடுத்து வச்சிருக்கேன்?" என்று டாக்டர் தங்கைக்குத் தைரியம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி நல்ல மாதிரி. வேலிக்குக் கட்டாயம் கிடைக்கும், பன்னிரண்டு கம்பத்துக்கும் கிடைக்கும் என்றார். பிறகு படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஓட்டினது யாரு சார்?"

"நான்தான்."

"அப்ப அவர் பயணிதானே. நீங்க பயணி இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்ங்க."

"புரியுது சார். ஆனா இதுல உறவுக்குன்னு தனிக் கட்டம் இல்லை."

இப்போது திருத்த முடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்தது, வெள்ளம் போன பிறகு அணை கட்டுகிறோம் என்று. விமானத்தை விற்கலாம் என்றால் அது வாய்க்காலிலிருந்து தூக்கிய தகரம். கிளினிக்கை விற்றாலும் பாதிக் கிணறுதான் தாண்டலாம். படியிறங்கும்போது அவருக்கு முகவரின் 'ஆ, ஆ' காதில் கேட்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளதை உள்ளபடி சொன்னார். தங்கை படிவத்தின் நகலை வாங்கி அண்ணனின் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கிறேன் என்று காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கழுத்துப் பட்டையோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்த மாப்பிள்ளைதான் பேசினார்.

"நீங்க எழுதினதுல தப்பில்லை மச்சான். நான் என்ன பயணியா? நம்ம வீட்டு ஆள்தானே."

மனசாரத்தான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட டாக்டர் தாங்கியிருப்பார். கால்மாட்டில் உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் மாப்பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மச்சான் தள்ளியே உக்காந்திருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை. "பக்கத்துல வந்து கையைப் பிடிச்சுக்குங்களேன்."