அரைக் கிலோ சீனி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது அவரது ஆராய்ச்சிக் கேள்வித்தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை, தலத்தெரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கட்டுக்கு நான்கு தாள். மொத்தம் முப்பத்தொரு தாய்மார்கள்.

"முப்பத்தொரு பேரை வச்சு ஒரு முடிவா?" என்றேன். நான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி கன்வேயர்களைப் பராமரிக்கும் பொறியாளர். எடை, வெப்பம், அதிர்வு எல்லாவற்றையும் அளக்க என்னிடம் கருவி உண்டு. பயத்தை அளக்க அம்மாவிடம் இருந்தது ஜெராக்ஸ் தாள்.

"மூணாம் பக்கத்தைத் தலைகீழா வச்சிருக்கே இன்ஜினியரம்மா. பிரிச்சு அடி."

அம்மா சௌந்தரவல்லி, காரைக்காலில் ஒரு கல்லூரியில் உளவியல் உதவிப் பேராசிரியர். பயந்த பிள்ளைகளைப் பற்றிப் பதினோரு வருட ஆராய்ச்சி. ஆனால் திருத்துவது பிள்ளையை அல்ல, பெற்றவளை. பிள்ளையிடம் கேட்டதற்கு நீ பதில் சொல்லாதே. பின்னாலேயே போகாதே. 'பயப்படாதே' என்று மட்டும் சொல்லவே சொல்லாதே. எட்டு வாரப் பயிற்சி.

"பின்ன என்னதான் சொல்றது?"

"பயமாத்தான் இருக்கும், போயிட்டு வான்னு சொல்லணும். பயப்படாதேன்னா, பயந்தது தப்புன்னு ஆயிடும்டி. அப்புறம் அந்தப் புள்ள நம்மகிட்ட எதையும் சொல்லாது."

"இதுக்கு ஒரு பிஎச்.டி."

அம்மா சிரித்தார். செவ்வாய்க்கிழமை, கல்லூரிப் படிக்கட்டில், மாரடைப்பு.

இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அம்மாவைக் 'குழந்தைகளின் தாய்' என்றார். அந்தத் தாய்க்கு அவர் ஒதுக்கியிருந்த அறையில் சுருட்டிய ஒரு கிரிக்கெட் பாயும் கால் உடைந்த இரண்டு நாற்காலிகளும் கிடந்தன. ஜன்னல் கிடையாது. ஜன்னல் கேட்டு அம்மா எழுதிய நான்கு கடிதங்களைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லை.

உமாமகேஸ்வரி சித்தி துக்க வீட்டுப் பந்தலிலேயே ஆரம்பித்திருந்தார். "சொந்தப் பொண்ணு முப்பது வயசாகியும் வீட்டுல நிக்குது. இவ ஊரான் வீட்டுப் புள்ளைங்க பயத்துக்கு வைத்தியம் பாத்தா." இதையே முன்பொரு முறை அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னபோது, "உன் மகனுக்கு இருபத்தெட்டு வயசுல நீ மீன் முள்ளு எடுத்துக் குடுக்குறே. வா, உன்னையும் ஆராய்ச்சியில சேத்துக்கிறேன்" என்று பதில் வந்தது. பந்தலில் பதில் வராது என்று சித்திக்குத் தெரியும்.

பத்தாம் நாள் அம்மாவின் போன் நினைவூட்டியது: 'வியாழன் 4.30. நஜீபா வீடு. அரைக் கிலோ சீனி.' அன்றே நஜீபாவும் அழைத்தாள். முப்பத்தொரு பேரில் ஒருத்தி. மகள் பஹீமாவுக்கு ஒன்பது வயது. தனியாக வாசல் தாண்டமாட்டாள். மணி அடிக்கும்வரை நஜீபா பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். எட்டாவது வாரம், பஹீமா முக்குக் கடைக்குத் தனியாகப் போய்ச் சீனி வாங்க வேண்டும். நஜீபா பின்னால் ஓடாமல் இருக்க, என் அம்மா அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"டீச்சர் இல்லாம என்னால முடியாதுங்க. பின்னாலேயே ஓடிருவேன். அவ அத்தா வேற துபாய்லேருந்து, புள்ளையத் தனியா அனுப்புனே தெரியும்னு கத்துறாங்க."

போனேன். கன்வேயரையே நிறுத்துகிறவள், ஒரு பெண்ணை நாற்காலியில் நிறுத்திவைக்க மாட்டேனா?

நஜீபா என் கையை நெரித்தபடி உட்கார்ந்தாள். பஹீமா துணிப்பையோடு வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர் இனிமே வரமாட்டாங்களா?"

நஜீபா வாயைத் திறக்கவில்லை. பயிற்சி பெற்றவள். சொல்ல வேண்டியது எனக்கும் தெரியும். 'பயமாத்தான் இருக்கும்' என்று தொடங்கினால் என் குரல் உடைந்துவிடும் என்பதும் தெரிந்தது.

"பயப்படாதே" என்றேன்.

"எனக்கொண்ணும் பயமில்ல." பஹீமா உள்ளே வந்தாள். பையை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள்.

"ஏழு வாரமா நான்கூட இதச் சொல்லலியேங்க" என்றாள் நஜீபா.

சீனி இன்னும் கடையில்தான் இருக்கிறது.