கடல் பக்கத்து அறைக்கு இழுத்த வைஃபை

வெள்ளவத்தையில் நானும் அப்பாவும் இருந்தது அண்ணனின் வீட்டில். கனடாவில் இருந்துகொண்டே, ஒரே மாடியில் அருகருகே கிடந்த இரண்டு சின்ன ஃபிளட்டுகளை வாங்கி, நடுச்சுவரில் ஒரு கதவளவுக்கு இடித்து, ஒரு வீடாக்கி வைத்திருந்தார். பஸ்கள் ஓடும் காலி வீதிப் பக்கம் கூடமும் சமையலறையும் என் அறையும். கடல் பக்கம் அப்பாவின் அறை.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையோடு ஆனபோது, அவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று அண்ணன் முடிவெடுத்தார். யார் பார்ப்பது என்பதையும் அவரே முடிவெடுத்தார். "நீ தனியத்தானே இருக்கிறாய்" என்றார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், வயது வரமுன்னரே ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

கூடத்தில் இருந்த ரவுட்டரின் சிக்னல் அப்பாவின் அறைக்கு வராது. இடையில் கொங்கிறீட் சுவர், லிஃப்ட் ஏறி இறங்கும் குழி. அண்ணன் வீடியோ கோல் எடுத்தால் அவருடைய முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். அப்பா அந்த நின்றுபோன படத்தைப் பார்த்து, மூத்த மகனைக் கூப்பிடும் வழக்கப்படி, "தம்பி, தம்பி, கேக்குதோ?" என்று கத்துவார். அது அசையாது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு ஃபோன் பிடிக்கத் தெரியாதோ உனக்கு?" என்பார்.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர், அனுபவசாலி.

"மிஸ், மெஷ் செட் ஒண்டு பெட்டியோட எடுங்க. வேலை லேசு" என்றார்.

வீடு முழுவதற்கும் சேர்ந்து வேலை செய்யும் அந்தப் புதிய ரவுட்டர் செட்டுக்கு அவர் சொன்ன விலை என் ஓய்வூதியத்துக்குள் அடங்காது. அண்ணனிடம் கேட்க எனக்கு மனமில்லை. யூடியூபில் பார்த்து வைத்திருந்த வேறொரு வழி இருந்தது. ஒரே வகையான பழைய ரவுட்டர்கள் மூன்றை வாங்கி, அவற்றின் உள்ளே இருக்கும் மென்பொருளைத் துடைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இன்னொன்றை ஏற்ற வேண்டும். அதன் பிறகு மூன்றும் ஒன்றோடொன்று கதைத்து, வீடு முழுவதற்கும் ஒரே வலையமைப்பாக வேலை செய்யும்.

"எங்கட பொடியன்மாருக்கே ஏலாத வேலை மிஸ்" என்று சிரித்துக்கொண்டு மூன்றையும் பையில் போட்டுத் தந்தார்.

முதலாவது ரவுட்டரை நானே கொன்றேன். மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது அது வெறும் பிளாஸ்டிக். போய் இன்னொன்று வாங்கினேன். இரண்டாம் முறை அப்பா உறங்கும் நேரம் பார்த்து, ஒவ்வொரு வரியையும் இருமுறை வாசித்துத்தான் விசையை அழுத்தினேன். முப்பது வருடங்கள் பிள்ளைகளுக்கு "அவசரப்படாதேங்கோ" என்று சொன்ன வாய் எனக்கும் சொல்லிக்கொண்டது.

வயர் இல்லாமல் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. அதனால் கூரையோரமாகக் கேபிள் அடித்து, இடித்த சுவருக்கு மேலாக இரண்டாவதை வைத்தேன். மூன்றாவது அப்பாவின் அலுமாரிக்கு மேல். கடற்காற்று கொஞ்ச நாளிலேயே செருகியின் செம்பைப் பச்சையாக்கியது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனை போட்டு, ஜன்னலுக்கு மறைவாகத் திருப்பி வைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அண்ணனின் கோல் வந்தது. ஃபோனைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து நடந்தேன். நடுக்கதவைத் தாண்டினேன். அண்ணனின் முகம் உறையவில்லை, குரல் அறுபடவில்லை. அப்பாவின் கட்டிலடிக்குப் போகும்வரை அவர் கதைத்துக்கொண்டே வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த வயதில் ஒரு காரியத்தைத் தொடக்கத்திலிருந்து கற்று, கையால் செய்து முடித்திருக்கிறேன்.

அப்பா நல்ல கையால் ஃபோனை வாங்கினார். "தம்பி, நீ போட்டுத் தந்த லைன் நல்லாக் கிடக்குது" என்றார்.

"ஓமப்பா" என்றார் அண்ணன்.

நான் அலுமாரியைத் துடைக்கிற மாதிரி நின்றேன். இது தங்கச்சி செய்தது என்று அண்ணன் ஒரு சொல்லாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் அங்கத்தைய குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

அடுத்த கிழமையே, "லைன் இப்ப நல்லாத்தானே கிடக்கு, அப்பாவின்ர அறையில ஒரு கமெரா வைப்பம்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வாங்கிப் பூட்டினேன். பிறகு, அப்பாவைச் சக்கரநாற்காலியில் கொண்டுவந்து இருத்துகிற இடம் என்று கூடத்திலும் ஒன்று. படமும் வரும், சத்தமும் கேட்கும்.

அதற்குப் பிறகு அண்ணனின் கோல்கள் வேறு மாதிரி ஆகின.

"இண்டைக்கு அப்பாவுக்குத் தேத்தண்ணி ஏன் பிந்தினது?"

"நேற்றுப் பின்னேரம் எங்க போனனீ?"

"அந்தத் துவாயை மாத்தன், பாக்க அரியண்டமாக் கிடக்கு."

கனடாவில் அவர் வேலைக்குப் போகும் வழியில், ரயிலில் இருந்து எங்கள் வீட்டைப் பார்ப்பாராம். அவருடைய மனைவியும் பார்ப்பார். ஒரு நாள் நான் கூடத்துக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பியபோது ஃபோனில் ஒரு செய்தி கிடந்தது: "படுக்கிறதெண்டா அறைக்குள்ள படு."

சனிக்கிழமைகளில் என்னோடு படிப்பித்த ஒரு சிநேகிதி பாமன்கடையிலிருந்து வருவார். தேநீர் குடித்துக்கொண்டு கதைப்போம். கிழமையில் எனக்கிருந்த ஒரே கதை அதுதான். ஒரு சனிக்கிழமை அவர், "அப்பருக்குப் பிறகு நீர் எங்க போறது? வீட்டில பாதியையாவது உம்மட பேரில எழுதித் தரச் சொல்லி அண்ணரைக் கேளுமன்" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அவர் படியிறங்கி வீதிக்குப் போயிருக்கமாட்டார், ஃபோன் அடித்தது.

"என்ர வீட்டைப் பற்றி வெளியாக்களோட என்ன கதை?" என்றார் அண்ணன். "அவ இனி அங்க வரத் தேவையில்லை."

"அண்ணா, நாங்கள் கதைக்கிறதையும் கேக்கிறனீங்களோ?"

"அது என்ர வீடு."

கூடத்துக் கமெராவின் செருகியைப் பிடுங்கினேன். அன்று பின்னேரமே அண்ணன் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, அவன்ர காசு, அவன்ர வீடு. அவன் பாக்கட்டுமன். உனக்கென்ன ஒளிக்கக் கிடக்கு?" என்றார்.

அப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டு, போய்ச் செருகியைத் திரும்பப் போட்டேன். நடந்ததை ஃபோனில் கேட்ட சிநேகிதி பிறகு வரவில்லை. நானும் வாருமென்று கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அடுத்த வருடம் ஒரு காலை, அப்பாவுக்கு முகம் துடைத்துக் கஞ்சி கொடுத்து, அவர் கண்ணயர்ந்த பிறகு சந்தைக்குப் போனேன். மீன்காரரிடம் நிற்கும்போது அண்ணன் எடுத்தார்.

"அப்பா அசையிறாரில்லை. நீ எங்க நிக்கிறாய்? எங்க நிக்கிறாய் நீ?"

மீனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினேன். நான் போனபோது அப்பா போய்விட்டிருந்தார். முகம் அமைதியாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அலுமாரிக்கு மேலிருந்த கமெராவிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ஆம்புலன்ஸுக்கு அடிச்சனீயோ? டொக்டருக்குச் சொன்னனீயோ?" அந்தக் கமெராவுக்குள்ளால் கதைக்கவும் முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு நிமிடம் அழுவதற்கு அந்த அறையில் எனக்கு இடமிருக்கவில்லை.

அண்ணனால் வர முடியவில்லை. லீவு இல்லை என்றார். கிரியைகளைக் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில் செய்வதென்று ஏற்பாடானது. கொள்ளி வைக்கப் பெரியப்பாவின் மகன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். ஐயர் வந்து இறங்கியபோது பெரியப்பாவின் மகன் என்னிடம் வந்து, "தங்கச்சி, லைன் கீழ வருதில்லை. அண்ணர் பாக்க வேணுமாம். ஏதும் செய்யேலுமோ?" என்றார்.

செய்ய முடியும். நான் மேலே ஏறி, அப்பாவின் அலுமாரிக்கு மேலிருந்த ரவுட்டரைக் கழற்றினேன். நீளக் கேபிளை மாடிப்படி வழியாக இறக்கி, கீழ்த்தளப் படியில் அதை வைத்தேன். வெள்ளைச் சேலையோடு முழங்காலில் இருந்து செருகியைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் சொல்வது கேட்டது. "அப்பர் கிடக்கிறார், இவ வயர் இழுக்கிறா."

திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் எழும்பிப் போய் அப்பாவின் காலடியில் நின்றேன். கிரியை முழுவதும் ஒரு ஃபோன் அவருடைய தலைமாட்டில் நின்றது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்த்தவர்கள் பிறகு எடுத்துச் சொன்னார்கள், படம் துப்புரவாக இருந்ததாம், ஒரு இடத்திலும் அறுபடவில்லையாம்.

எட்டாம் நாட் கிரியையான எட்டுச் செலவுக்குள்ளேயே சொந்தக்காரர் நடுவில் ஒரு கதை சுற்றத் தொடங்கியது. அப்பா போகும்போது பக்கத்தில் நான் இருக்கவில்லை, அங்கேயிருந்து அண்ணன்தான் கண்டார் என்று. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. யாரிடம் போய் எதைத் திருத்துவது?

வீட்டை விற்கக் கையெழுத்து வைப்பதற்கு அண்ணனுக்கு லீவு கிடைத்தது. நான் அதற்குள் பாமன்கடையில் ஒரு அனெக்ஸ், ஒருவர் வீட்டோடு ஒட்டிய சின்ன வாடகைப் பகுதி, பார்த்து வைத்திருந்தேன். ஃபோனில் சொன்னதும் சிநேகிதிதான் தேடித் தந்தார். அண்ணன் வந்து இறங்கிய அன்று, கூடத்தில் எனக்கு எதிரே இருந்தார். நான் தேநீர் கொடுத்தேன். வாங்கியவர் என்னையே பார்த்தார்.

"நல்லா மெலிஞ்சு போனாய்" என்றார். "எப்ப இருந்து?"

"கன நாளா, அண்ணா."

"கமெராவில தெரியேல்லையே."

நான் சமையலறைக்குப் போய்ப் புட்டுக்குத் தேங்காய் துருவத் தொடங்கினேன். அவர் கூடத்தில் புரோக்கருக்கு ஃபோன் எடுத்து, எத்தனை மணிக்கு ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.